ஈசு எடுத்த பறக்கும் தட்டு

ஷிஃபா பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதே பறக்கும் தட்டு அரபு நாட்டுத் தம்மாமுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அங்கே வேலை பார்க்கும் அவள் வாப்பா பரீதுதான் போனில் கூப்பிட்டார். "ஏட்டி ஷிஃபா, நம்ம குத்தாலத்துல பறக்கும் தட்டு வந்துச்சாமே. இங்கன எங்க ரூம்ல எல்லாரும் அதத்தான் பாக்காவ. நீ பாத்தியா?"

"என்ன தட்டு வாப்பா?" என்றாள் ஷிஃபா, வாயில் நுரையோடு.

தென்காசியில் இருக்கும் பிள்ளைக்குத் தெரியாத தென்காசி சமாச்சாரம், கடல் தாண்டி இருக்கும் வாப்பாவுக்குத் தெரிந்திருந்தது. இந்தக் காலத்தில் எல்லாம் அப்படித்தான்.

உம்மா சைதூன் பீவியின் போனிலும் அந்தப் படம் வந்திருந்தது. குற்றால மலை. இருட்டத் தொடங்குகிற நேரம். மலையில் பாதியை மேகம் மூடியிருந்தது. அதற்கு முன்னால் வெள்ளையாக, நீள்வட்டமாக, ஓரமெல்லாம் மங்கலாக ஏதோ ஒன்று மிதந்தது. இட்லியைக் கையால் அமுக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. படத்துக்குக் கீழே, 'குற்றாலத்தில் வேற்றுக்கிரகவாசிகள். உடனே பகிருங்கள்' என்று யாரோ சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் போனால், படத்தை எடுத்தவனே அவள் வகுப்பில்தான் இருந்தான்.

அவன் பெயர் குற்றாலீஸ்வரன். அவ்வளவு நீளமாகக் கூப்பிட ஆறாம் வகுப்பில் யாருக்கும் பொறுமை இல்லாததால், ஈசு. குற்றாலத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவன். அவன் அப்பா சிவசைலம், அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் வேலை செய்கிறவர். ஈசு கடைசி பெஞ்சில் உட்காருவான். அதிகம் பேச மாட்டான். வகுப்பில் இப்படி ஒருவன் இருப்பதே பல பேருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது அவனைச் சுற்றி ஈ மொய்ப்பதுபோல் கூட்டம்.

"அப்பா போனுல எடுத்தேன். ஸ்டேட்டஸ்ல வச்சேன். அம்புட்டுதான், எங்கெங்கயோ போயிட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தான் ஈசு.

"நீ கண்ணால பாத்தியாலே?" என்று கேட்டான் ஜெபஸ்டின். வகுப்பிலேயே உரக்கப் பேசுகிறவன் அவன்தான்.

ஈசு ஒரு நொடி தயங்கினான். எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இதற்கு முன் யாரும் அவன் வாயை அப்படிப் பார்த்ததில்லை.

"பாக்காம பின்ன?" என்றான்.

"சத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு. மிக்ஸி ஓடுதாப்ல."

மதியச் சாப்பாட்டுக்குள் அந்தத் தட்டுக்குக் கை கால் முளைத்துவிட்டது. அது மலையைச் சுற்றிச் சுற்றி வந்ததாம். தென்னை மரம் பேயாட்டம் ஆடியதாம். பக்கத்து டீக்கடையில் பல்பு அணைந்து அணைந்து எரிந்ததாம். ஈசு சொல்லச் சொல்ல அவன் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"ஏலே ஈசு, எனக்கு ஒரு சந்தேகம்" என்றாள் ஷிஃபா.

"ஆரம்பிச்சிட்டா" என்று யாரோ முனகினார்கள். ஷிஃபாவைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். தோசைக்கல் சுடுகிறது என்று உம்மா சொன்னால்கூடக் கிட்டப்போய்க் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வாள்.

"மேகம் மலைய மூடியிருக்குல்லா? ஆனா தட்டு மேகத்துக்கு முன்னாடி தெரியுது. அப்படின்னா அது மலைக்கு இந்தப் பக்கம், நமக்குப் பக்கத்துல இருந்திருக்கணும்."

"ஆமா, பக்கத்துலதான்."

"இது சீசன் நேரம். அருவிக்கரையில கால் வைக்க எடமிருக்காது. அத்தன பேருல ஒருத்தரு கூடவா அண்ணாந்து பாக்கல? எல்லாரு கையிலயும் போன் இருக்கு. வேற ஒரு படம் கூட வரலையே."

ஈசு திருதிருவென்று விழித்தான். "எல்லாரும் குளிச்சிட்டு இருந்தாவ" என்றான்.

"எனக்கென்னமோ அது பறக்கும் தட்டு இல்லன்னு தோணுது" என்றாள் ஷிஃபா.

அவ்வளவுதான் அவள் சொன்னது. ஆனால் ஜெபஸ்டின் பெஞ்சில் தட்டினான். "பறக்கும் தட்டு இல்லன்னா அப்ப கள்ளப் படம். எங்க அண்ணன் ஸ்டுடியோல இத விட நல்லாவே பண்ணுவான். ஆனை மேல தட்டு எறங்குதாப்ல."

"நான் அப்படிச் சொல்லல" என்று ஷிஃபா சொல்லும்போது மணி அடித்துவிட்டது. அந்த இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை.

சாயங்காலத்துக்குள் செய்தி பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது: ஷிஃபாவே கண்டுபிடிச்சிட்டா, ஈசு போட்டது கள்ளப் படம்.

மறுநாள் கரும்பலகையில் ஒரு பெரிய தட்டு, அதில் இட்லி, பக்கத்தில் சட்னி, எல்லாவற்றுக்கும் மேலே ஈசுவின் பெயர். யார் வரைந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஜெபஸ்டின் விரலில் மட்டும் சாக்பீஸ் தூள் இருந்தது.

ஆனந்தவள்ளி டீச்சர் அதை அழித்துவிட்டு ஈசுவை அழைத்தார். அவர்தான் வகுப்பாசிரியை, அறிவியலும் அவர்தான். யார் யாரோ பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து தட்டைப் பற்றி விசாரிக்கிறார்கள் என்று தலைமையாசிரியை எரிச்சலில் இருந்தார்.

"குற்றாலீஸ்வரன், திங்கட்கிழமை பிரேயர்ல எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுரு. படம் நான் செஞ்சதுதான்னு சொல்லிரு. இதோட முடிஞ்சுபோகும்" என்றார் டீச்சர். அவர் குரலில் கோபம் இல்லை.

"நான் செய்யல டீச்சர்."

"பின்ன அது எப்படிப் படத்துல வந்துச்சு?"

ஈசு தலையைக் குனிந்துகொண்டு இடத்துக்குப் போனான். அடுத்த நாள் அவன் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை.

"அவங்க அப்பாவ இப்ப எல்லாரும் 'தட்டு சிவசைலம்'னுதான் கூப்பிடுதாவளாம். வாரவுக போறவுக கிட்டயெல்லாம், எம்மவன் எடுத்தான்னு போனக் காட்டிட்டு இருந்தாருல்லா" என்று ஜெபஸ்டின் சொல்லிச் சிரித்தான்.

ஷிஃபா டிபன் பாக்ஸை மூடிவிட்டாள். தான் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியும். சரியானதைத்தானே சொன்னோம், அப்புறம் ஏன் இப்படி ஆனது? பெஞ்சில் ஈசுவின் இடம் காலியாகக் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது.

சனிக்கிழமை காலையில் உம்மாவிடம் போய் நின்றாள். "உம்மா, குத்தாலம் போவமா?"

"ரெண்டு நாளா மொகத்தத் தொங்கப் போட்டுட்டுத் திரிஞ்ச. இப்பக் குளிக்கணுமோ?" என்றார் சைதூன் பீவி. ஆனாலும் மாலையில் கூட்டிக்கொண்டு போனார்.

சாரல் பூந்தூறலாக விழுந்துகொண்டிருந்தது. நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கிற வாசனையும் எண்ணெய் வாசனையுமாகக் கடைத்தெரு மணத்தது. "நான் குளிச்சிட்டு வாரேன். இங்கனயே நில்லு" என்று உம்மா பெண்கள் பக்கம் போனார்.

கொஞ்சம் தள்ளிச் சிவசைலம் ஒரு பருத்த மனிதரின் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். மாவு பிசைவதுபோல் கை ஓடியது, ஆனால் வாய் பேசவில்லை. பக்கத்துப் படியில் ஈசு உட்கார்ந்திருந்தான். ஷிஃபாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எதுக்கு வந்த? இன்னும் சந்தேகம் இருக்கோ?"

"இருக்கு" என்றாள் ஷிஃபா. "ஈசு, நான் தட்டு இல்லன்னுதான் சொன்னேன். நீ பொய் சொல்லுதன்னு சொல்லல."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்லலே. படத்துல என்னமோ விழுந்திருக்கு. அது என்னன்னு உனக்கும் தெரியல, எனக்கும் தெரியல. ஜெபஸ்டின் கள்ளப் படம்னு சொன்னப்பவே நான் சத்தமா இல்லன்னு சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது என் தப்பு."

ஈசு தரையைப் பார்த்தான். "எங்கப்பா என்கிட்டப் பேசியே ரெண்டு நாளாச்சு" என்றான் மெல்ல. "கள்ளப் படமாலேன்னு கேட்டாரு. இல்லன்னேன். பின்ன என்னதுன்னாரு. என்னன்னு சொல்ல?"

"வா, கண்டுபிடிப்போம். அன்னைக்கு எங்கன நின்னியோ அங்கனயே நின்னு எடு."

அப்பாவின் போன் ஈசுவிடம்தான் இருந்தது. தண்ணீர் படாமல் இருக்கக் குற்றாலத்துக் கடைகளில் விற்கிற பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டுகிற போன். ஈசு கவரிலிருந்து அதைப் பதமாக வெளியே எடுத்தான், சட்டையில் துடைத்தான், மலையைப் பார்த்து எடுத்தான்.

மலை விழுந்தது. மேகம் விழுந்தது. தட்டு விழவில்லை.

உட்கார்ந்து எடுத்தான். குனிந்து எடுத்தான். படியில் ஏறி எடுத்தான். ஒரு குரங்கு வந்து குறுக்கே உட்கார்ந்து அழகாகப் போஸ் கொடுத்தது. குரங்கு விழுந்தது.

"விடு ஷிஃபா. திங்கக்கிழம நான் செஞ்சதுதான்னு சொல்லிருதேன்" என்றான் ஈசு. அவன் கண் கலங்கியிருந்தது.

சாரல் வலுத்தது. "போன் நனைஞ்சா அப்பா தோல உரிச்சிருவாரு" என்று போனைக் கவருக்குள் திணித்தான்.

ஷிஃபா அந்தக் கவரையே பார்த்தாள். "அன்னைக்கும் சாரல் அடிச்சுதுல்லா?"

"ஆமா."

"அப்ப போன் கவருக்குள்ள இருந்துச்சா, வெளிய இருந்துச்சா?"

ஈசுவின் கை அப்படியே நின்றது. "உள்ளதான்" என்றான்.

கவரோடு தூக்கிப் பிடித்து அமுக்கினான். இருட்டத் தொடங்கியிருந்ததால் பளிச்சென்று போனின் வெளிச்சம் அடித்தது.

தட்டு வந்துவிட்டது. சிப்ஸ் கடைக்கு மேலே, அமுக்கிய இட்லிபோல், அம்சமாக மிதந்தது.

இரண்டு பேரும் சட்டென்று வானத்தைப் பார்த்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை. ஷிஃபா போனை வாங்கித் திருப்பினாள். கேமராவுக்கு நேராக, கவரின் மேல் ஒரு பெருவிரல் தடம் எண்ணெயாக மினுங்கியது. அதைத் துப்பட்டா முனையால் அழுத்தித் துடைத்துவிட்டு எடுத்தாள். தட்டு போய்விட்டது. ஈசு அப்பாவின் எண்ணெய்க் கிண்ணத்தில் விரலைத் தொட்டு இரண்டு இடத்தில் ஒற்றினான். இரண்டு தட்டு பறந்தது.

"போன் வெளிச்சம் எண்ணெயில பட்டுத் திரும்பி வருது. அதான் வெள்ளையாத் தெரியுது" என்றாள் ஷிஃபா. வெளிச்சத்தைக் கையால் மறைத்தும் ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். தட்டு பறக்கவில்லை. அப்புறம்தான் அவளுக்குத் திருப்தி.

ஈசு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். திடீரென்று சிரிப்பு நின்றது.

"அது அப்பா வெரலு. இதப் போயி ஸ்கூல்ல சொன்னா, எங்கப்பா எண்ணெக் கையச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. ஏற்கனவே தட்டு சிவசைலம்ங்காவ."

ஷிஃபா மனதில் இன்னொன்று வேறு உறுத்திக்கொண்டிருந்தது. "ஈசு, அப்ப அந்த மிக்ஸி சத்தம்?"

ஈசு விரலில் இருந்த எண்ணெயைக் கால்சட்டையில் துடைத்தான்.

"கண்ணால நான் எதுவும் பாக்கல" என்றான் கடைசியில். "வீட்டுக்குப் போய்ப் போனத் தெறந்தப்பதான் படத்துல பாத்தேன். எல்லாரும் கேட்டாங்கல்லா, பாத்தியா, சத்தம் வந்துச்சான்னு. இல்லன்னு சொன்னா விலகிப் போயிருவாங்கன்னு தோணுச்சு. ஆமான்னுட்டேன்."

ஷிஃபா அவனைத் திட்டவில்லை. கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பவனிடம் வகுப்பே வந்து நின்றால், அவளும் ஒரு தென்னை மரத்தையாவது ஆட்டியிருப்பாள்.

"படம் பொய் இல்ல. சத்தம் மட்டும்தான் பொய்" என்றாள். "செய்யாததுக்கு நீ எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? மொதல்ல உங்கப்பாட்டக் காட்டுவோம்."

பருத்த மனிதர் எழுந்து அருவிக்குப் போனதும், இருவரும் சிவசைலத்தின் முன்னால் போய் நின்றார்கள். ஈசு விரல் தடத்தைக் காட்டினான். படத்தைக் காட்டினான். துடைத்துக் காட்டினான். சிவசைலம் போனையும் தன் பெருவிரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நீ கள்ளப் படம் போடல."

"இல்லப்பா."

"அது போதும்லே" என்றார்.

"ஆனா சத்தம் கேட்டுதுன்னு சொன்னது பொய்ப்பா."

சிவசைலம் பிடரியைச் சொறிந்தார். "நான் மட்டும் என்ன யோக்கியம்? ஒரு மதுரக்காரரு, நீங்களும் பாத்தீயளான்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன். ராத்திரி தூக்கமே வரலன்னு வேற சொல்லி வச்சிருக்கேன்."

ஷிஃபாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு அவர்களும் சிரித்தார்கள்.

"ஸ்கூல்ல உங்க வெரல்னு சொல்லலாமாப்பா?"

"சொல்லுலே. எண்ணெ தேய்க்கவன் கையில எண்ணெ இல்லாம பவுடரா இருக்கும்? கவரையும் கொண்டு போ."

திங்கட்கிழமை பிரேயரில் ஈசுவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் முன்னால் போய் நின்றான். சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்தான்.

"டீச்சர், மன்னிப்புக் கேக்கதுக்கு முன்னாடி ஒண்ணு செஞ்சு காட்டட்டுமா? இருட்டு வேணும். உங்க போனும் வேணும்."

தலைமையாசிரியை திரும்பி ஆனந்தவள்ளி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலையாட்டினார். பிரேயர் முடிந்ததும் தலைமையாசிரியையும் ஆறாம் வகுப்புக்கு வந்தார்; ஜன்னல்களைச் சாத்தினார்கள். ஈசு டீச்சரின் போனைக் கவருக்குள் போட்டுக் கரும்பலகையைப் படம் எடுத்தான்.

கரும்பலகை மட்டும்தான் விழுந்தது.

ஈசுவின் முகம் செத்துப்போனது. வகுப்பு கிசுகிசுக்கத் தொடங்கியது. கவரை ஷிஃபா பார்த்தாள். பளபளவென்று இருந்தது. நல்ல பிள்ளையாகப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறானே என்று வீட்டில் அதைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார்கள்.

"எண்ணெ வேணும்" என்றாள் ஷிஃபா. சுற்றுமுற்றும் பார்த்தாள். ஜெபஸ்டின் தலை மினுமினுவென்று மின்னியது. "கொஞ்சம் குனிலே."

ஜெபஸ்டின் ஏன் எதற்கு என்று யோசிப்பதற்குள் அவன் தலையில் ஒரு விரலை ஓட்டி, அதைக் கவரில் கேமராவுக்கு நேராக ஒற்றினாள். ஈசு மறுபடியும் எடுத்தான்.

கரும்பலகைக்கு முன்னால் பறக்கும் தட்டு மிதந்தது.

வகுப்பே எழுந்துவிட்டது. "எங்கப்பா எண்ணெ தேய்க்கவரு. அவரு வெரல் பட்டிருந்துச்சு. அதத்தான் நான் தட்டுன்னு நெனச்சுட்டேன்" என்றான் ஈசு. யாரும் சிரிக்கவில்லை. ஆளாளுக்குத் தங்கள் தலையில் விரலைத் தொட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். "இது என் தல எண்ணெயாக்கும்" என்று ஜெபஸ்டின் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். தலைமையாசிரியையும் படத்தை இரண்டு தடவை வாங்கிப் பார்த்தார்.

"அப்ப மன்னிப்புக் கேக்க ஒண்ணுமில்ல. எல்லாரும் எடத்துக்குப் போங்க" என்றார்.

ஈசு போகவில்லை. ஷிஃபா அவனைப் பார்த்தாள். சத்தத்தைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விட்டிருக்கவில்லை.

"ஒண்ணு இருக்கு டீச்சர்" என்றான் ஈசு. "கண்ணால பாத்தேன், சத்தம் கேட்டுதுன்னு சொன்னேம்லா. அது நானாச் சொன்னது. அதுக்கு மன்னிச்சிருங்க."

"அப்ப தென்ன மரம்?" என்று கேட்டான் ஜெபஸ்டின்.

"ஆடல."

"டீக்கட பல்பு?"

"அது எப்பவுமே அணைஞ்சு அணைஞ்சுதான் எரியும்."

முதலில் சிரித்தது ஆனந்தவள்ளி டீச்சர். பிறகு யார் சிரிக்கவில்லை என்று சொல்வது கடினம். ஈசு கடைசி பெஞ்சைப் பார்த்து நடந்தபோது ஜெபஸ்டின் நகர்ந்து இடம் விட்டான். "கள்ளப் படம்னு சொன்னது தப்புதாம்லே" என்று முனகினான். அவன் மெதுவாகப் பேசி அந்த வகுப்பு கேட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு ஈசு சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். அந்த வாரக் கடைசியில் சமூக அறிவியலுக்கு இந்திய வரைபடம் வரைந்துகொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் ஒரு குரங்கு தன் சார்ட்டைக் கடித்துவிட்டது என்றான் ஈசு. டீச்சர் நம்பினார். ஜெபஸ்டின் நம்பினான்.

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றாள் ஷிஃபா.

இதை எதிர்பார்த்துத்தான் ஈசு சார்ட்டைப் பையிலேயே வைத்திருந்தான். எடுத்து அவள் முன்னால் விரித்தான். இந்தியா இருந்தது, தமிழ்நாட்டைக் காணோம். கிழிந்த ஓரத்தில் வரிசையாகப் பல் தடம்.

ஷிஃபா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். "பல்லு நெசந்தான்" என்றாள். "ஆனா இது குரங்குப் பல்லா, உன் பல்லா?"

ஈசு கோபித்துக்கொள்ளவில்லை. குனிந்து வாயை ஆவென்று திறந்து காட்டினான்.

"இந்தா, நீயே பொருத்திப் பாரு."